பத்தாம் சனலில் அக்கரைக் குரல்

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்றுக் காலம். காலை ஏழு மணிக்கே தரை சுடுகிறது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. திருகோணமலை உவர்மலையிலிருந்து பார்த்தால் துறைமுக வாய்க்கு வெளியே கடல் தகடு மாதிரி, அசைவில்லை.

அன்டனா இணைப்புகளில் உப்பு. ரிஸ்வான் ஏறித் துடைத்தார், நான் கீழே நின்று கயிறு பிடித்தேன். இந்த ரேடியோக் கண்காணிப்பு நிலையத்தில் நாங்கள் இருவர்தான். நான் பொறுப்பதிகாரி, அவர் தொழில்நுட்பம், வாகனம், தேத்தண்ணி.

செய்ய:
– காஸ் சிலிண்டர்
– மூக்குக் கண்ணாடித் தண்டு இறுக்க
– சல்லிச் சங்கத்தின் உரிமம் எங்கே நிற்கிறது என்று கேட்க
– பத்தாம் சனல்: பதில் வந்ததா?

கச்சான் மாதங்களில் எங்களுக்கு வேலை கூட. சூடான காற்று குளிர்ந்த கடலுக்கு மேல் படுக்கும்போது ரேடியோ அலை மேலே தப்பிப் போகாமல் நீரோடு ஒட்டி ஓடும். ஐம்பது கிலோமீற்றரில் சாகவேண்டிய குரல் முந்நூறு கிலோமீற்றர் வரும். விடியற்காலையில் மோசம். வெயில் ஏறினால் போய்விடும்.

சல்லிக் கிராமத்தில் மீனவர் சங்கம் ஒரு கரைச் செட், படகுகளோடு பேசும் ரேடியோ, வைத்திருக்கிறது. செல்வராணி அதன் முன்னால் நாலரைக்கு வந்து இருப்பார். படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு யார் எங்கே என்று கொப்பியில் எழுதுவார். ஆபத்து என்றால் பதினாறாம் சனலில் கூப்பிடுங்கள் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறோம். சல்லிக்காரர் பத்தில்தான் கூப்பிடுவார்கள். செல்வராணி அங்கேதானே இருக்கிறார்.

மே கடைசியிலிருந்து, ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில், அதே பத்தில் வேறொருவர். எங்கள் படகுகளின் குரல் அவர் குரலுக்குள் அமிழ்ந்துபோகிறது. ஜூனில் இரண்டு இடத்தில் நின்று திசை எடுத்தோம், நிலையத்திலும் சம்பூரிலும். பக்கத்துக் குச்சவெளியில் யாராவது என்றால் இரண்டு கோடும் அங்கே வெட்டியிருக்கும். வெட்டவில்லை. இரண்டும் சமாந்தரமாக வடமேற்கே, கடலுக்கு மேல் போயின. ஆள் வெகுதூரத்தில். இந்தியக் கரை.

அப்படியென்றால் விஷயம் என் கையை விட்டுப் போகிறது. நான் குறுக்கீட்டு அறிக்கை எழுதுவேன், கொழும்புத் தலைமை அலுவலகம் பார்த்து அக்கரைக்கு அனுப்பும். எங்கள் தாள்களில் நாடு என்று வராது, நிர்வாகம். பாதிக்கப்பட்ட நிர்வாகம், காரணமான நிர்வாகம். உலகம் முழுக்க ஒரே படிவம். ஜூன் 24 அனுப்பினேன்.

செல்வராணி எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், உங்கட கடதாசி எங்க போய்ச் சேர்ந்தது?"

கொழும்பில் என்றேன். அல்லது அக்கரையில்.

"இஞ்சயிருந்து கொழும்புக்கு நடந்து போயிருந்தாலும் இப்ப திரும்பி வந்திருக்கலாம்."

ஜூலை 15, செவ்வாய்

அதே வெக்கை. பேக்கரிக்குப் பாண் எடுக்கப் போனேன், முடிந்துவிட்டது. பிஸ்கட்.

5.08 முதல் 6.20 வரை அக்கரைக்காரர். சமிக்ஞை பலம் நேற்றைவிட அதிகம்.

கொழும்பிலிருந்து போனில் நிமால் சேர். துணைப் பணிப்பாளர், எங்கள் அறிக்கைகள் எல்லாம் அவர் மேசையால்தான் போகும். நல்ல மனிதர், கோபம் வராது. சிங்களத்தில் கேட்டார்: படிவத்தில் மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதியிருக்கிறீர்கள், தமிழ் என்றால் உங்கள் பக்கத்து ஆட்களாக இருக்கக்கூடாதா?

அது வேறு தமிழ் என்றேன்.

"எப்படி வேறு?"

எங்கள் ஆட்கள் ஓம் என்பார்கள், அவர் ஆமா என்கிறார். எங்கள் ஆட்கள் ஏலாது என்பார்கள், அவர் முடியாது என்கிறார். சல்லிக்காரருக்கு அது கேட்டவுடன் தெரியும்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "அதை எந்தக் கட்டத்தில் போடுவது?"

கட்டம் இல்லை.

அக்கரைக்காரரை இப்போது எனக்கு ஓரளவு பழக்கம். வயது ஐம்பதுக்கு மேல். கரையிலிருந்து படகுகளைக் கூப்பிடுகிறவர், செல்வராணியின் வேலைதான். முருகேசன் என்று ஒருவரைத் தினமும் ஏசுகிறார். முருகேசன் எப்போதும் பிந்தித்தான் பதில் சொல்வான். நடுவில் இருமல். பெயர் தெரியாத ஒருவரின் இருமலை ஒன்றரை மாதமாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவருகிறேன்: குரல், ஆண், இடையில் இருமல்.

காஸ் எடுக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

அக்கரையின் பதில் வந்துவிட்டது. ஒரு பக்கம். மரியாதையான ஆங்கிலம். சாரம்: நீங்கள் குறிப்பிட்ட திகதிகளில், குறிப்பிட்ட நேரங்களில் எங்கள் பதிவுகளைப் பார்த்தோம். அந்த அலைவரிசையில் எதுவும் இல்லை. அது எங்கள் நேரம் காலை 10.40, அப்போது படகுகள் கரையேறி மீனும் விற்று முடிந்திருக்கும். மூலம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கவும்.

காலை 10.40. நான் எழுதியது 05.10.

படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன்.

படிவத்தில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கவேண்டும். கட்டத்தின் தலையில் அச்சடித்திருக்கிறது. முன்பு கணினித் திரை அதையே காட்டும், நான் பார்த்து எழுதுவேன், பதினோரு வருடப் பழக்கம். ஜூன் தொடக்கத்தில் கணினியைத் திருத்தினார்கள். திருத்தியவர் மணிக்கூட்டை எங்கள் நேரத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வழக்கம்போல் பார்த்து எழுதியிருக்கிறேன். விடியற்காலை 5.10 என்றால் உலக நேரம் முதல்நாள் இரவு 23.40. ஆக நேரம் மட்டுமல்ல, திகதியும் பிழை. அறிக்கையில் இருந்த பன்னிரண்டு திகதியும்.

வேறு எந்த நாட்டோடு என்றாலும் முதல் வரியிலேயே கண்ணில் குத்தியிருக்கும். அக்கரைக்கும் இக்கரைக்கும் மணிக்கூடு ஒன்று. அவர்களுக்கு ஐந்து என்றால் எங்களுக்கும் ஐந்து. கணக்குப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கொழும்பிலும் ஒருவருக்கும் வரவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு நிமால் சேரின் மின்னஞ்சல். அக்கரை நிர்வாகம் மறுத்திருப்பதால் மூலம் உள்நாடு என்று கொள்ளப்படுகிறது. சல்லிச் சங்கத்தின் உரிமம் டிசம்பரில் முடிந்திருக்கிறது. கரைச் செட்டையும் கரையிலுள்ள கைச் செட்டுகளையும் நாளைக்குள் பொறுப்பெடுத்து முத்திரையிடவும்.

(உரிமப் புதுப்பிப்பு விண்ணப்பம் நவம்பரிலேயே நான் அனுப்பியது. அதுவும் அவர்கள் கட்டிடத்தில்தான் எங்கோ இருக்கிறது.)

உடனே போன் எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும். எடுக்கவில்லை. காரணங்கள், உண்மையாக:
– வெட்கம்
– அலுவலகம் மூடும் நேரம் (பொய், மூன்றேகால்)
– போன வருடம் கண்டி நிலையத்துப் பிழையை ஒரு கூட்டத்தில் நான் சிரித்துக்கொண்டு சொன்னது

ஜூலை 18, வெள்ளி

சல்லி. ரிஸ்வான் வாகனத்தை வெயிலில் விட்டார், நிழல் முழுக்க வலை.

சங்கக் கட்டிடம் ஒரு அறை. மேசை, கதிரை, செட், பற்றரி, கொப்பி. செல்வராணி ஏற்கெனவே வயர்களைக் கழற்றி வைத்திருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்கள் கழற்றினா முறிப்பியள்," என்றார்.

ஏழு கைச் செட்டுகள். ஒவ்வொன்றின் இலக்கத்தையும் எழுதி, உரியவரிடம் கையெழுத்து வாங்கி, வெள்ளை நாடா சுற்றி, நாடாவின் மேல் என் கையெழுத்து. கரைச் செட்டுக்கும் அப்படியே. வாசலில் ஏழெட்டுப் பேர். ஒருவரும் தடுக்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் மட்டும், "இந்தியாக்காரன்ர வாயை மூடச் சொல்லிக் கேட்டம். எங்கட வாயை மூடுறியள்," என்றார். இன்னொருவர், "எங்கட வாய் கிட்ட இருக்குது, அதுதான்," என்றார். சிரித்தார்கள்.

செல்வராணி சிரிக்கவில்லை. கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.

"யோகன்ர படகு வெளியில. புதன் போனது. மூண்டு பேர். செவ்வாயோ புதனோ வருவினம். வரேக்க என்னைத்தான் கூப்பிடுவான். ஆர் பதில் சொல்றது?"

"நாங்கள் கேட்டுக்கொண்டு இருப்பம் அக்கா. இருபத்திநாலு மணித்தியாலமும் பதியுது."

"கேக்கிறது சரி. சொல்றது ஆர்?"

எங்கள் நிலையத்தில் அலைவாங்கி மட்டும்தான். கேட்கலாம், அளக்கலாம், எழுதலாம். பேச உரிமமும் இல்லை, கருவியும் இல்லை. இதை அவருக்குச் சொன்னேன்.

"நல்ல உத்தியோகம்," என்றார்.

திரும்பும்போது ரிஸ்வான் வேகமாக ஓட்டினார். கிண்ணியாவில் அவருடைய மச்சானுக்கும் படகு இருக்கிறது.

செட்டுகள் அலுமாரியில், பூட்டியாயிற்று. திறப்பு என் பையில்.

ஜூலை 19, சனி

விடுமுறை நாள். நாலே முக்காலுக்கு நிலையத்துக்குப் போனேன். ரிஸ்வானும் வந்திருந்தார், கூப்பிடாமலே.

சல்லியில் கரையிலிருந்த எல்லாச் செட்டும் அலுமாரிக்குள். 5.12க்கு அக்கரைக்காரர். முருகேசனுக்கு ஏச்சு. இருமல். 6.24 வரை.

ரிஸ்வான் அலுமாரியைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் சொன்னேன். நேரக் கட்டம், உலக நேரம், பன்னிரண்டு திகதி, எல்லாம்.

தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரியாமப் பிழை விட்டா அல்லாஹ் மன்னிப்பான் மிஸ். தெரிஞ்ச பொறகும் ரெண்டு நாள் கைக்குள்ள வச்சிருந்தா என்ன செய்வான் எண்டு எனக்குத் தெரியா."

ஜூலை 20, ஞாயிறு

காஸ் எடுத்தாயிற்று. கண்ணாடி திருத்தியாயிற்று. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மான் ஒன்று ஒரு விளம்பரத் தாளை முழுதாகத் தின்றுகொண்டிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் அலுத்துப்போய்த்தான் பார்த்தேன்.

திருத்த அறிக்கை வீட்டில் இருந்து எழுதினேன். இரண்டு நிரல்: முன்பு குறித்தது, குறித்திருக்கவேண்டியது. பன்னிரண்டு வரி. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அது ஆகாததுதான் தொந்தரவு.

எனக்குப் பிழை விடுவதில் பயமில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் பிழை விடாதவள் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரியும்.

ஜூலை 21, திங்கள்

நிமால் சேருக்குச் சொன்னேன். முழுதும் கேட்டார். ஏசவில்லை.

"எங்கள் நிர்வாகம் பிழை விட்டது என்று எங்கள் தாளிலேயே எழுதி அனுப்புவதா?"

ஓம் சேர்.

அடுத்த மாதம் இரண்டு நிர்வாகமும் ஒரே மேசையில் இருக்கப்போகின்றன. கரையோரத் தொலைபேசிக் கோபுரங்களின் வலு எவ்வளவு, எந்த அலைவரிசை யாருக்கு. மன்னார்க் கரையில் நின்றால் போனில் இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி வருகிறதே, அதைப்பற்றி எல்லாம். அங்கே போகும்போது கையில் இப்படி ஒரு தாள் வேண்டாம் என்றார். நியாயம்தான். ஒரு வருடமாக அந்தக் கூட்டத்துக்காக அவர் வேலை செய்கிறார்.

"பழையதை விடுங்கள். இன்றிலிருந்து பதினான்கு நாள் அவதானித்துப் புதிய அறிக்கை போடுங்கள். சரியான நேரத்தோடு."

"அதுவரை சல்லிச் செட்டுகள்?"

"இருக்கட்டும்."

பதினான்கு நாள், அதற்குப் பிறகு பதில் வர மூன்று கிழமை. கச்சான் முடிய அக்கரைக்காரரும் தானாகவே மறைந்துவிடுவார். சிக்கல் இருந்ததற்கே அடையாளம் இருக்காது, செட்டுகள் மட்டும் என் அலுமாரியில் இருக்கும்.

திருத்த அறிக்கை பையில். அனுப்பவில்லை, கிழிக்கவுமில்லை.

காற்று நேற்றைவிடப் பலம். செல்வராணியின் போன், ஒரு கேள்விதான்: "யோகன்ர குரல் கேட்டதோ?"

இல்லை.

ஜூலை 23, புதன்

வரிசையாக எழுதவேண்டும். பதிவுப் புத்தகத்தில் எழுதியாயிற்று, இது எனக்கு.

5.31. அக்கரைக்காரர் உரத்து, வழக்கம்போல. அதற்குக் கீழே இன்னொன்று, துணிக்குள் வைத்துப் பேசுவதுபோல. ரிஸ்வான்தான் முதலில் கேட்டார். "மிஸ், சல்லி எண்டு கேக்குது."

சல்லி, சல்லி. யோகன். இஞ்சின் நிண்டுட்டுது. காத்து வெளியால தள்ளுது. அக்கா கேக்குதோ.

பிறகு அக்கரைக்காரர் முருகேசனைக் கூப்பிட்டார். எல்லாம் போய்விட்டது.

கச்சானில் இஞ்சின் நின்றால் கரை ஒதுங்க வழியில்லை. காற்று கிழக்கே கொண்டுபோகும், அங்கே பிடிக்க ஒன்றுமில்லை.

5.34. துறைமுகத்துக்குப் போன் எடுத்தேன். உடனே எடுத்தார்கள். இடம் கேட்டார்கள். தெரியாது. அகலாங்கு, நெட்டாங்கு இலக்கங்கள் வேண்டும், இல்லாமல் எங்கே தேடுவது என்றார்கள், சரியான கேள்வி.

5.36. யோகன் மறுபடி. இலக்கம் சொல்கிறார். எட்டு என்று கேட்டது, பிறகு அக்கரைக்காரர், பிறகு எண்பத்தொன்று, பிறகு ஒன்றுமில்லை. மூன்றுதரம் சொன்னார். மூன்றுதரமும் அரைவாசி. எங்கள் கருவி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்துகொண்டிருந்தது.

5.39. அலுமாரியைத் திறந்தேன். கரைச் செட்டின் நாடாவை வெட்டினேன். ரிஸ்வான் வாகனப் பற்றரியைக் கழற்றப் போய்விட்டார், ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் அன்டனாவில் கொழுவினோம்.

ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை. பதினோரு வருடம் மற்றவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

"யோகன், யோகன், இது சல்லி."

"ஆர் இது? அக்கா இல்லையே?"

"அக்கா இல்லை. நிலையத்திலயிருந்து. இடத்தைத் திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னார். அக்கரைக்காரர் நடுவில் வந்தார். வந்து, பாதியில் நிறுத்தினார்.

"யாருங்க அது? புதுக் கொரலா இருக்கு."

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். பிறகு சொன்னேன், இலங்கை, திருகோணமலை, எங்கட படகொண்டு இஞ்சின் நிண்டு கடலுக்க போகுது, இடம் கேக்கிறம், உங்கட குரல் மேல விழுகுது.

பிறகு அவர் குரல், எனக்கல்ல, தன் ஆட்களுக்கு:

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்கப்பா. அந்தப் பக்கம் ஒரு போட்டு கெடக்கு. டேய் முருகேசா, ஒனக்குந்தான். வாய மூடு."

சனல் வெறுமையானது. இரண்டு மாதத்தில் அந்த நேரத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் கேட்டதில்லை.

யோகன் இலக்கங்களைச் சொன்னார். திருப்பிச் சொன்னேன். அவர் சரி என்றார். 5.46 துறைமுகத்துக்குக் கொடுத்தேன். ரிஸ்வான் தன் மச்சானுக்கும் கொடுத்தார். கிண்ணியாப் படகு ஒன்று பதினைந்து கிலோமீற்றருக்குள் நின்றதாம். 8.20க்கு அதுதான் முதலில் போய்க் கயிறு கட்டியது.

5.52. அக்கரைக்காரர்: "என்னம்மா, ஆச்சா?"

ஆச்சு என்றேன். நன்றி என்றேன்.

"ஒங்க அக்கா எங்க? நாலஞ்சு நாளா சத்தத்தையே காணோம். தெனமும் சல்லி சல்லின்னு காதுக்குள்ள கத்துவாங்க. எங்க போட்டு பேசுறது ஒண்ணும் கேக்காது. நாங்களும் இங்க எழுதிக் குடுத்துருக்கோம்."

அவர் பக்கத்தில் இடைஞ்சல் நாங்கள். அப்படி ஒரு தாளும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது.

பெயர் கேட்டேன். பெயரும் சொன்னார், ஊரும் சொன்னார், இறங்குதுறை எது என்றும் சொன்னார். இருமினார். படிவத்தில் ஒரு மாதமாக வெறுமையாகக் கிடந்த கட்டம்: நிலையத்தின் அடையாளம். இப்போது தெரியும். இங்கே எழுதவில்லை.

செல்வராணிக்குப் போன் எடுத்தேன். யோகன் வருகிறார் என்றேன். மூண்டு பேருமோ என்று கேட்டார்.

ஜூலை 24, வியாழன்

சல்லி. செல்வராணி, யோகன், சங்கத்தில் நாலைந்து பேர். யோகனின் முதுகு வெயிலில் தோலுரிந்திருந்தது. தேத்தண்ணி தந்தார்கள், போனமுறை தரவில்லை.

என் பிழையை முதலில் சொன்னேன். உலக நேரத்தை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கேட்டு முடித்து செல்வராணி, "அப்ப நீங்கள் சரியா எழுதியிருந்தா எங்கட செட் இஞ்சதான் இருந்திருக்கும்," என்றார்.

ஓம்.

"வெள்ளிக்கிழமை வந்து நாடா சுத்தேக்க உங்களுக்கு இது தெரியும்."

ஓம்.

கொப்பியை மூடினார். நான் எதிர்பார்த்திருந்த எதையும் சொல்லவில்லை.

பிறகு மற்றது. அடையாளக் கட்டத்தை நிரப்பி அனுப்பினால் அறிக்கையை ஒருவரும் மறுக்க ஏலாது. உங்கள் செட் வரும்.

"அவரை என்ன செய்வினம்?"

"அவற்ற உரிமம் எப்பிடியெண்டு தெரியாது. பெரும்பாலும் உங்களுக்கு நான் செய்ததைத்தான்."

செல்வராணி மேசையில் செட் இருந்த இடத்தைப் பார்த்தார்; தூசியில் சதுரம் தெரிந்தது.

"பேரை எழுதாதேங்கோ."

"எழுதாட்டியும் நேரம் சரியெண்டா அவையள் கண்டுபிடிப்பினம் அக்கா. அதுக்குத்தான் படிவம்."

"கண்டுபிடிச்சா என்ன கேப்பியள் அவையளிட்ட?"

படிவத்தின் கடைசிக் கட்டம்: கோரும் நடவடிக்கை. எப்போதும் ஒரே வசனம்தான் எழுதுவோம், ஒலிபரப்பை நிறுத்தவும். வேறு எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம். இரு பக்கத்தில் ஒருவர் வேறு சனலுக்குப் போகலாம். விதியில் இடமிருக்கிறது, ஒருவரும் பாவிப்பதில்லை.

"அப்ப நாங்கள் போறம்."

யோகன் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட அப்பா காலத்துச் சனல். நாங்கள் ஏன் விடவேணும்? அவையளைப் போகச் சொல்லுங்கோ."

"அந்த மனுசன் வாயை மூடினபடியால்தான் உன்ர இலக்கம் கேட்டது," என்றார் செல்வராணி. "இல்லாட்டி நீ இப்ப அந்தமானில மீன் விப்பாய்."

"பத்து வருசமாப் பத்தில கூப்பிட்டுப் பழகின வாய் அக்கா."

"அப்ப வாயைப் பழக்கு."

ஜூலை 25, வெள்ளி

அனுப்பியவை, காலை 9.05:
1. திருத்த அறிக்கை. பன்னிரண்டு திகதி, நேரம், முன்பு குறித்தது பிழை, பிழை இந்நிலையத்துடையது, பெயர், கையெழுத்து.
2. 19ஆம் திகதிக் குறிப்பு. சல்லியில் கரையிலிருந்த செட்டுகள் எல்லாம் காவலில் இருந்த வேளையும் குரல் தொடர்ந்தது.
3. 23ஆம் திகதி முத்திரை உடைத்து உரிமமின்றிப் பேசியது. நேரம் உட்பட.
4. கோரும் நடவடிக்கை: இக்கரை நிலையத்தை எழுபத்திரண்டாம் சனலுக்கு மாற்ற விரும்புகிறோம். அக்கரை நிலையம் பத்தில் தொடர்வதில் ஆட்சேபம் இல்லை.

நிலையத்தின் அடையாளம்: கட்டம் வெறுமை. பொய் எழுதவில்லை. எழுதவுமில்லை.

பணிப்பாளருக்கும் பிரதி. நிமால் சேருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மேசையில் அது இருக்கும்.

பதினொரு மணிக்கு அவர். முதன்முறையாகக் குரலில் கோபம். "மூன்றாவதை ஏன் எழுதினீர்கள்? ஒருவரும் கேட்கவில்லையே."

பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது சேர் என்றேன்.

மூன்று மணிக்கு மறுபடி. இப்போது குரல் வேறு. பணிப்பாளர் பார்த்திருக்கிறார். நாலாவது அவருக்குப் பிடித்துவிட்டது. எங்கள் நிர்வாகம் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தது என்று அடுத்த மாதம் மேசையில் வைக்கலாமாம். கோபுரங்களின் விஷயத்தில் பதிலுக்கு ஏதாவது கேட்கலாமாம். சல்லிக்கு எழுபத்திரண்டில் தற்காலிக உரிமம், இன்றே. டிசம்பரில் முடிந்த உரிமத்தின் விண்ணப்பமும் கிடைத்துவிட்டது.

"உங்களுக்கு ஒரு கடிதம் வரும்," என்றார். "விளக்கம் கேட்டு. பதில் செவ்வாய் நாலு மணிக்குள் வேண்டும். நான் எழுதவேண்டியிருக்கிறது, கோபிக்கவேண்டாம்."

கோபமில்லை. இடமாற்றமாக இருக்கலாம். கண்டிக்கு என்றால் சிரிப்பு வரும்.

ஜூலை 27, ஞாயிறு

சல்லியில் முழு நாளும். கரைச் செட், ஏழு கைச் செட், படகுகளில் இருந்த பதினொன்று. ரிஸ்வான் ஒவ்வொன்றாக மாற்றினார். யோகன் தன் செட்டைக் கடைசியாகத்தான் தந்தார்.

செல்வராணி கொப்பியின் மேலட்டையைக் கிழித்து அதில் 72 என்று பெரிதாக எழுதி மேசையின் முன்னால் ஒட்டினார். ஒருதரம் பரிசோதித்தோம். தெளிவு.

எனக்கும் அவருக்கும் இடையில் முன்புபோல இல்லை. கதைக்கிறார், பகிடி விடவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கச்சான் குறையவில்லை. பாண் கிடைத்தது.

எழுபத்திரண்டு: 4.34க்குச் செல்வராணி. பதினெட்டுப் படகும் பதில். இடையூறு இல்லை.

பத்து: 5.10க்கு அக்கரைக்காரர். முருகேசன் இன்று முதல் கூப்பிடுதலிலேயே பதில் சொன்னான். 5.17க்கு அவர் ஒருதரம், "சல்லியக்கா, வந்துட்டீங்களா?" என்றார்.

பொத்தானை விட்டுக் கேட்டார். பத்துப் பதினைந்து செக்கன் இருக்கும். எங்களிடம் இருப்பது அலைவாங்கி மட்டும்.

பிறகு தன் படகுகளைக் கூப்பிடத் தொடங்கினார். எழுதினேன்: எங்கள் நேரம் 05.17, பதினைந்து செக்கன், அமைதி.

விளக்கக் கடிதம் நாலு மணிக்குள். இன்னும் தொடங்கவில்லை.